500 ராண்ட் கட்டி முடித்துவிடலாமா? மீன்பிடிக் கத்தியோடு மாட்டிய வாசகருக்கு வக்கீலின் பதில்

தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் இருக்கும் 54 வயது வாசகர் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஆள் அடையாளம் தெரியாதபடி சுருக்கித் தருகிறேன். வார இறுதியில் மீன் பிடிக்கப் போவது அவருக்குச் சின்ன வயதுப் பழக்கம். ஒரு சனிக்கிழமை இரவு பத்து மணிக்கு மேல், ப்ளூ லகூனில் தூண்டில் போட்டுவிட்டு மச்சானோடு பக்கியில் (பின்னால் சாமான் ஏற்றும் சின்ன வண்டி) திரும்பும்போது ரோடு பிளாக்கில் நிறுத்தியிருக்கிறார்கள். டிரைவர் பக்கக் கதவின் பாக்கெட்டில் அவருடைய பழைய ஒகாபி மடக்குக்கத்தி இருந்தது. "இது எதற்கு?" என்று போலீஸ்காரர் கேட்டதும், "மீன் வெட்ட, அப்புறம் ராத்திரி நேரம் பாருங்கள், ஒரு பாதுகாப்புக்கும்தான்" என்று சொல்லிவிட்டார். 10 சென்டிமீட்டருக்கு மேல் நீளமான கத்தி வைத்திருப்பது குற்றம் என்று சொல்லிக் கத்தியை எடுத்துக்கொண்டு ஒரு நோட்டீஸ் கொடுத்திருக்கிறார்கள். குறிப்பிட்ட தேதிக்குள் 500 ராண்ட் கட்ட வேண்டும், இல்லையென்றால் கோர்ட்டுக்கு வர வேண்டும். அவரும் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டார்.

"கோர்ட்டுக்கு அலைவதைவிடக் கட்டித் தொலைத்துவிடு" என்கிறாராம் மச்சான். ஆஸ்திரேலியாவில் இருக்கும் மகளைப் பார்க்க விசாவுக்கு விண்ணப்பிக்கும் நேரம் வேறு. போன வருஷம் ஒருமுறை வழிப்பறி நடந்ததிலிருந்து, கையில் ஏதாவது இல்லாமல் வெளியே போகாதீர்கள் என்று மனைவி சொல்லிக்கொண்டே இருக்கிறார். குளிர்காலத்தில் நண்பர்களோடு வடக்கு சூலுலாந்துப் பக்கம் மான் வேட்டைக்குப் போகவும் திட்டம் இருக்கிறது. விலை குறைந்த, பழைய பாணிக் கத்தி எதை வாங்கலாம், எப்படி எடுத்துப் போகலாம் என்று கேட்கிறார். 15 வயது மகன் தனக்கும் ஒன்று வேண்டும் என்று நச்சரிக்கிறானாம்.

அண்ணா, பணத்தை இன்னும் கட்டவில்லை என்று நீங்கள் எழுதியிருந்ததைப் படித்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. தயவுசெய்து இப்போதைக்குக் கட்டாதீர்கள். உங்கள் கடிதத்தில் கத்தியைப் பற்றித்தான் நிறைய கேள்விகள் இருக்கின்றன. எனக்கு அதைவிட அந்த நோட்டீஸ்தான் பெரிய கவலை. அதனால் அதை முதலில் பேசிவிடுகிறேன்.

அந்த 500 ராண்ட் எப்படிப்பட்ட பணம்?

வண்டியைத் தப்பான இடத்தில் நிறுத்தினால் கட்டுகிற அபராதம் மாதிரி இதை நினைக்காதீர்கள். இது குற்றத்தை ஒப்புக்கொண்டு கட்டும் அபராதம். 1977-ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டம் (எண் 51), 57-ஆம் பிரிவில் இதைப் பற்றிச் சொல்கிறது. பணத்தைக் கட்டிய பிறகு அந்தக் காகிதம் கோர்ட்டுக்குப் போகும். மாஜிஸ்திரேட் அதைப் பார்த்து ஏற்றுக்கொண்டால், நீங்கள் கோர்ட்டில் நின்று தண்டனை பெற்றதாகவே சட்டத்தின் கணக்கில் ஆகிவிடும். நீங்கள் அந்த வாசல் பக்கமே போயிருக்க மாட்டீர்கள், ஆனாலும் உங்கள் பெயரில் ஒரு குற்றத் தீர்ப்பு இருக்கும். ஸ்டேஷனில் கைரேகையும் எடுத்தார்கள் என்றால் அது பிரிட்டோரியாவில் இருக்கும் குற்றப் பதிவு மையத்துக்குப் போய்ச் சேரும்.

ஐந்து வருஷம் கழித்து போலீஸ் சான்றிதழ் வாங்கப் போன இடத்தில்தான், தன் பெயரில் ஒரு குற்றப் பதிவு இருப்பதே தெரிந்தது என்று என் அலுவலகத்துக்கு வந்து கண்ணீர் விட்டவர்கள் உண்டு. எல்லோரும் சொல்வது ஒரே பதில்தான்: "சின்ன ஃபைன் என்று நினைத்துக் கட்டிவிட்டேன்." அப்படி ஏறிய பதிவை நீக்குவது லேசான வேலை கிடையாது. அதே சட்டத்தின் 271பி பிரிவின்படி, இப்படிப்பட்ட சிறு அபராதத் தண்டனைகளுக்குக்கூடத் தீர்ப்பு நாளிலிருந்து 10 வருஷம் கழிந்த பிறகுதான் நீக்கக் கோரி விண்ணப்பிக்க முடியும். விளைவு தெரியாமல் கட்டியவர்களின் தீர்ப்பை உயர்நீதிமன்றங்கள் ரத்து செய்ததும் உண்டு. ஆனால் அதற்கு ஆகும் செலவுக்கு 500 ராண்ட் எந்த மூலைக்கு?

விசாவைப் பற்றி உங்களைப் பயமுறுத்த விரும்பவில்லை. ஒரு சின்ன அபராதத்துக்காக மட்டும் ஆஸ்திரேலியா கதவைச் சாத்திவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் குற்றத் தீர்ப்பு ஏதாவது உண்டா என்று படிவத்தில் கேட்பார்கள். உண்டென்றால் விளக்கம் எழுதிக் காகிதங்களை இணைக்க வேண்டும். மறைத்தால் அந்தப் பொய்யே தனிச் சிக்கலாகிவிடும். "ஆயுதம்" என்ற சொல் இருக்கும் ஒரு தீர்ப்பை விளக்கிக்கொண்டிருக்கும் நிலை உங்களுக்கு எதற்கு?

நோட்டீசில் கையெழுத்துப் போட்டதால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக ஆகிவிட்டதோ என்று பயப்பட்டிருக்கிறீர்கள். அந்தக் கையெழுத்து நோட்டீஸ் கைக்குக் கிடைத்தது என்பதற்கு மட்டும்தான்.

10 சென்டிமீட்டர் கதை

இந்த நீளக் கணக்கை நம் ஊரில் நம்பாதவர்கள் குறைவு. கத்தி விற்கும் கடைக்காரரும் சொல்வார், காவலுக்கு நிற்பவரும் சொல்வார், உங்களிடம் சொன்ன போலீஸ்காரரும் மனதார நம்பித்தான் சொல்லியிருப்பார். ஆனால் இப்போது நடப்பில் இருக்கும் சட்டம் 2013-ஆம் ஆண்டின் அபாயகரமான ஆயுதங்கள் சட்டம் (எண் 15). அதில் எந்த இடத்திலும் கத்தி அலகின் நீளம் குறிப்பிடப்படவில்லை. சட்டவிரோதமான காரியத்துக்குப் பயன்படுத்தினால் உயிரைப் போக்கவோ பலத்த காயம் ஏற்படுத்தவோ கூடிய எந்தப் பொருளும், துப்பாக்கி நீங்கலாக, அந்தச் சட்டத்துக்கு அபாயகரமான ஆயுதம்தான். அப்படிப் பார்த்தால் உங்கள் வீட்டு அரிவாள்மனையும் ஆயுதம், சுத்தியலும் ஆயுதம்.

அதனால்தான் பொருளை வைத்திருப்பதை மட்டும் அந்தச் சட்டம் குற்றமாக்கவில்லை. சட்டவிரோதமாகப் பயன்படுத்தும் எண்ணம் இருக்கிறது என்று நியாயமான சந்தேகம் எழும் சூழ்நிலையில் வைத்திருந்தால்தான் குற்றம். அதற்கு அபராதமோ மூன்று வருஷம் வரை சிறையோ விதிக்கலாம். சந்தேகம் நியாயமானதா என்று எடைபோடும்போது பிடிபட்ட இடம், நேரம், ஆளின் நடத்தை, மிரட்டினாரா, பொருளை எப்படி வைத்திருந்தார் அல்லது காட்டினார், போதைப்பொருள் வியாபாரம், கும்பல் என்று ஏதாவது தொடர்பு உண்டா, எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். அவருடைய தரப்பு விளக்கத்தையும் கேட்க வேண்டும்.

இதற்கு முன்பிருந்த 1968-ஆம் ஆண்டுச் சட்டம் வேறு மாதிரி. ஆயுதம் கையில் இருந்தால், தனக்கு எந்தக் கெட்ட எண்ணமும் இல்லை என்று பிடிபட்டவர்தான் நிரூபிக்க வேண்டும். யாரை நினைத்து அந்தக் காலத்தில் அப்படி எழுதினார்கள் என்று உங்களுக்கும் எனக்கும் தெரியும். அந்தச் சுமை இப்போது அரசுத் தரப்பின் தோளில் இருக்கிறது. எனக்கு இது பெரிய விஷயம். நம் பெரியவர்கள் பலர் இன்னும் பழைய சட்டத்தின் பயத்திலேயே வாழ்கிறார்கள்.

புதிய சட்டம் சில விதிவிலக்குகளையும் வெளிப்படையாகச் சொல்கிறது. சட்டப்படியான தொழில், கடமை, செயல்பாடு ஆகியவற்றுக்காக வைத்திருப்பது, மத அல்லது பண்பாட்டு நிகழ்ச்சியிலும் சட்டப்படியான விளையாட்டிலும் பொழுதுபோக்கிலும் கலந்துகொள்ளும்போது வைத்திருப்பது, முறையான சேகரிப்பு அல்லது கண்காட்சிக்காக வைத்திருப்பது, இவற்றுக்கு இந்தச் சட்டமே பொருந்தாது. தூண்டில் போடுவது சட்டப்படியான பொழுதுபோக்கு. மதுரை வீரன் பூசைக்குக் கோழி அறுக்கும் கத்தியும் இந்த விதிவிலக்குக்குள் வருவதுதான். அதைப் பூசை நடக்கும் வீட்டுக்கு உறையில் சுற்றி எடுத்துப் போய், முடிந்ததும் நேராக வீட்டுக்குக் கொண்டு வந்துவிட வேண்டும். போகும் வழியில் கடைத்தெருவில் சுற்றினால் அந்தப் பாதுகாப்பு நழுவிவிடும்.

அப்படியென்றால் உங்கள் வழக்கு ஒன்றுமில்லையா? எனக்குப் பிடித்த மாதிரி பதில் சொல்ல ஆசைதான், ஆனால் இரண்டு விஷயங்கள் உங்களுக்கு எதிராக இருக்கின்றன. ஒன்று, கத்தி இருந்த இடம். தூண்டிலும் இரையும் பக்கியின் பின்னால் இருக்க, மீன் வெட்டும் கத்தி மட்டும் ஓட்டுநர் கைக்கு எட்டும் கதவு பாக்கெட்டில் இருந்திருக்கிறது. இன்னொன்று, "பாதுகாப்புக்கும்தான்" என்ற அந்த ஒரு வார்த்தை. தற்காத்துக்கொள்வது சட்டவிரோதம் இல்லை, ஆகவே அந்த வார்த்தையே குற்றத்தை நிரூபித்துவிடாது. ஆனால் மீன் பிடிக்கப் போனவர் என்ற தெளிவான படத்தை அது கலங்கடித்துவிட்டது. ரோடு பிளாக்கில் கேள்வி கேட்கும்போது மரியாதையாக உண்மையைச் சொல்லுங்கள், ஆனால் கேட்டதற்கு மேல் ஒரு வார்த்தையும் வேண்டாம். கைது செய்தால் பேசாமல் இருக்கும் உரிமையும், 48 மணி நேரத்துக்குள் கோர்ட்டுக்குக் கொண்டுபோகப்படும் உரிமையும் அரசியலமைப்பின் 35-ஆம் பிரிவில் இருக்கிறது. முறையான ரோடு பிளாக்கில் வாரண்ட் இல்லாமலே வண்டியைச் சோதிக்கலாம். ஆனால் அதற்கு எழுத்து மூலமான அனுமதி இருக்க வேண்டும், நீங்கள் கேட்டால் அதன் நகலைக் காட்ட வேண்டும். இதைக் கேட்பதால் சண்டை போடுவதாக ஆகாது. குரலை உயர்த்தாமல் கேளுங்கள்.

இந்த வாரமே செய்ய வேண்டியவை

நோட்டீசில் இருக்கும் கோர்ட்டின் அரசு வழக்கறிஞர் அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். வழக்கைத் திரும்பப் பெறக் கேட்டு எழுதுவது சாதாரண நடைமுறைதான். அன்று எங்கே போனீர்கள், எத்தனை மணிக்குத் திரும்பினீர்கள், வண்டியில் வேறு என்னென்ன இருந்தன என்று ஒரு பக்கத்துக்குள் சொல்லுங்கள். பொழுதுபோக்கு மீன்பிடி பெர்மிட்டின் நகலை இணையுங்கள். உங்கள் மச்சான் கூடவே இருந்தவர், ஆகவே அவர் ஒரு பிரமாணப் பத்திரம் கொடுக்கட்டும். எந்த போலீஸ் ஸ்டேஷனிலும் காசில்லாமல் அதில் சத்தியம் செய்து கையெழுத்துப் போடலாம். அன்று தூண்டிலோடு எடுத்த போட்டோ போனில் இருந்தால் அதையும் சேருங்கள். இதற்கு முன் உங்கள் மேல் எந்த வழக்கும் இல்லை என்பதையும் எழுதுங்கள்.

ஆனால் அதை எழுதுவதற்கு முன் ஒரு வக்கீலிடம் அரை மணி நேரமாவது பேசுங்கள். நீங்கள் எழுதும் ஒவ்வொரு வரியும் பின்னால் உங்களுக்கு எதிராக வாசிக்கப்படலாம். காசு கஷ்டம் என்றால் லீகல் எய்ட் சவுத் ஆஃப்ரிகா அலுவலகத்தை அணுகுங்கள், வருமான வரம்புக்குள் இருந்தால் கட்டணம் இல்லாமல் உதவுவார்கள். எல்லாம் செய்த பிறகும், வழக்கைத் திரும்பப் பெற்றோம் என்று எழுத்தில் கைக்கு வராத வரை, நோட்டீசில் உள்ள தேதியில் காலையில் கோர்ட்டில் இருங்கள். பணமும் கட்டாமல் போகாமலும் இருந்தால் வாரண்ட் வரும். அந்தச் சிக்கல் கத்திச் சிக்கலைவிடப் பெரிதாகிவிடும்.

உங்கள் கத்தி, போலீஸ் எடுத்துவைத்த பொருள்களைப் பதியும் எஸ்.ஏ.பி. 13 என்ற பதிவேட்டில் ஒரு எண்ணோடு ஏறியிருக்க வேண்டும். அந்த எண்ணைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். வழக்கு இல்லை என்று ஆனால் அதைத் திரும்பக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

சரி, எந்தக் கத்தி வாங்கலாம்?

நான் வக்கீல்தான், ஆனால் மீன் பிடிப்பவர்கள் நிறைந்த வீட்டில் வளர்ந்தவள், ஆகவே இதிலும் எனக்குக் கருத்து உண்டு.

ஒகாபி ஏழை உழைப்பாளியின் கத்தி. 1902-இல் ஜெர்மனியின் ஜோலிங்கன் நகரத்தில் ஆப்பிரிக்கச் சந்தைக்காக ஆரம்பித்தது, 1988 முதல் நம் நாட்டிலேயே தயாராகிறது. மரப்பிடியில் பிறையும் நட்சத்திரமும், வளையத்தைத் தூக்கினால் விடுபடும் பூட்டு, நன்றாகக் கூர் ஏறும் கார்பன் எஃகு, எவரும் வாங்கக்கூடிய விலை. கரும்புத் தோட்டத்திலும் காய்கறித் தோட்டத்திலும் எத்தனையோ பேர் பாக்கெட்டில் இருந்தது. அதே கத்திக்கு இந்த நாட்டில் கும்பல் சண்டை, சிறைச்சாலை என்று கெட்ட பெயரும் சேர்ந்துவிட்டது. சட்டம் ஒரு பிராண்டுக்கும் இன்னொன்றுக்கும் வித்தியாசம் பார்ப்பதில்லை. ஆனால் நியாயமான சந்தேகம் என்பது ரோட்டில் டார்ச் லைட்டோடு நிற்கும் ஒரு மனிதனின் மனதில்தான் முதலில் முளைக்கிறது. குற்றப் பத்திரிகைகளில் ஒகாபியைப் பார்த்துப் பார்த்துப் பழகிய கண் அது. இது நியாயம் என்று நான் சொல்லவில்லை, நடப்பது இதுதான்.

அதனால் மீனுக்கு மடக்குக்கத்தியே வேண்டாம் என்பேன். மீனை வகுந்து முள்ளெடுக்க, வளைந்து கொடுக்கும் மெல்லிய அலகும் பிளாஸ்டிக் உறையும் உள்ள மடங்காத மீன் கத்தியை வாங்குங்கள். அதன் அலகு 15 முதல் 20 சென்டிமீட்டர் வரை இருக்கும், உங்கள் ஒகாபியைவிட நீளம். ஆனாலும் செதில் ஒட்டிய நிலையில் தூண்டில் பெட்டிக்குள், ஈயக்குண்டுக்கும் கொக்கிக்கும் நடுவில் கிடந்தால், அது எதற்கு என்று யாரும் கேட்க வேண்டியிருக்காது. நீளக் கணக்கு எவ்வளவு தவறானது என்று இதிலிருந்தே பாருங்கள். வேலைக்கும் இதுதான் நல்லது. மடக்குக்கத்தியின் மூட்டுக்குள் மீன் சளியும் உப்பும் புகுந்துவிட்டால் நாற்றமும் துருவும் போகவே போகாது.

பெட்டியோடு பெர்மிட்டும் இருக்கட்டும். மீனும் விதிக்குள் இருக்கட்டும். ஷாட் மீன் என்றால் ஒரு நாளைக்கு ஒருவருக்கு நான்கு, 30 சென்டிமீட்டருக்குக் குறையாமல், அக்டோபர் 1 முதல் நவம்பர் 30 வரை பிடிக்கவே கூடாது. சட்டப்படியான பொழுதுபோக்கு என்று சொல்லிக் கத்தியைக் காப்பாற்ற வேண்டிய இடத்தில், ஐஸ் பெட்டிக்குள் சின்ன ஷாட் கிடந்தால் உங்கள் வாதம் அங்கேயே அடிபட்டுப் போகும்.

வேட்டைக்கு வருவோம். மானைத் தோலுரிக்கப் பெரிய கத்தி வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். இம்பாலாவுக்கும் நியாலாவுக்கும் 9, 10 சென்டிமீட்டர் அலகு போதும், இன்னும் சொன்னால் அதுதான் வசதி. வயிற்றைக் கீறும்போது குடலைக் குத்திவிடாமல் இருக்கச் சின்ன அலகுதான் கைக்கு அடங்கும். விலை குறைந்ததில் எனக்குத் தெரிந்து சுவீடனின் மோரா கத்திகளுக்கு ஈடு சொல்வது கஷ்டம். வழுக்காத பிடி, பிளாஸ்டிக் உறை, ரத்தமும் கொழுப்பும் பட்டால் குழாயடியில் கழுவி முடித்துவிடலாம். ஆனால் அதன் அலகு மெல்லியது, எலும்பை நெம்பவோ விறகு பிளக்கவோ போனால் உடைந்துவிடும். அதற்குச் சின்னக் கோடாரி எடுத்துப் போங்கள்.

பாக்கெட்டில் வைத்துப் பழம் நறுக்க, கயிறு அறுக்க மடக்குக்கத்திதான் வேண்டும் என்றால் பிரான்சின் ஓபினெலைப் பாருங்கள். 1890-லிருந்து சவோய் மலைப்பகுதியில் செய்கிறார்கள், 1955-இல் திருகினால் பூட்டிக்கொள்ளும் வளையம் சேர்த்தார்கள். 8-ஆம் எண்ணுக்கு 8.5 சென்டிமீட்டர் அலகு, மரப்பிடி. அந்த வளையத்தைத் திருகிப் பூட்டாமல் அழுத்தி வெட்டினால் அலகு மடங்கி விரலில் இறங்கும். மரப்பிடி நனைந்தால் ஊதிக்கொண்டு திறக்க வராது, ஆகவே கடற்கரைக்கு அது ஏற்றதில்லை. வெறும் ஸ்பிரிங் மட்டும் உள்ள, பூட்டே இல்லாத பழைய பாணி மடக்குக்கத்திகளும் கடைகளில் உண்டு. அவற்றால் அறுக்கலாம், குத்தித் துளைக்கும் வேலை வைத்துக்கொள்ளக் கூடாது.

டர்பனின் உப்புக் காற்றில் கார்பன் எஃகு ஒரே இரவில் துருப்பிடிக்கும். பயன்படுத்தியதும் நல்ல தண்ணீரில் கழுவி, உலர்த்தி, சமையல் எண்ணெய் ஒரு சொட்டு தடவி வையுங்கள். எலுமிச்சையும் மாங்காயும் நறுக்கினால் அலகு சாம்பல் நிறமாகும். அது துரு இல்லை, தேய்த்து எடுக்காதீர்கள், கொஞ்சம் துருவைத் தடுக்கவும் செய்யும். இவ்வளவு கவனிக்க நேரமில்லை என்றால் தயங்காமல் ஸ்டெயின்லெஸ் வாங்குங்கள். எதுவானாலும் ஒரு நல்ல சாணைக்கல்லுக்குக் காசு ஒதுக்குங்கள். ஒவ்வொரு பக்கமும் சுமார் 20 டிகிரி சாய்வில், அவசரப்படாமல் தீட்டினால் போதும். மழுங்கிய கத்தியை அழுத்தும்போதுதான் கை வழுக்கி வெட்டுப்படுகிறது.

எடுத்துப் போகும் முறையைப் பொறுத்தவரை, கத்தி எப்போதும் அது செய்யும் வேலையோடு சேர்ந்தே இருக்க வேண்டும். மீன் கத்தி தூண்டில் பெட்டியில், வேட்டைக் கத்தி வேட்டைப் பையில், இரண்டும் வண்டியின் பின்புறம். காட்டில் இடுப்பில் கட்டிக்கொள்ளுங்கள், திரும்பி வரும் வழியில் பெட்ரோல் போட நிறுத்தும்போது கழற்றிப் பைக்குள் வைத்துவிடுங்கள். வீடு வந்ததும் வண்டியிலிருந்து இறக்கிவிடுங்கள். செவ்வாய்க்கிழமை மாலை மால் வாசலில் நிற்கும் வண்டிக்குள் மீன் கத்தி ஏன் இருக்கிறது என்பதற்கு உங்களிடம் பதில் இருக்காது. விமானத்தில் போனால் பெரிய பெட்டியில் போடுங்கள், கைப்பையில் ஒருபோதும் வேண்டாம். ஊர்வலம், ஆர்ப்பாட்டம், மைதானம், கோர்ட், இந்த இடங்களுக்குச் சின்னப் பேனாக்கத்திகூடக் கூடாது. வழக்கு நாளில் கோர்ட் வாசலில் சோதிப்பார்கள், பாக்கெட்டைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

"கையில் ஏதாவது இருக்கட்டும்"

உங்கள் மனைவியின் பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. வழிப்பறியில் சிக்கியவர் வீட்டில் அந்தப் பயம் சீக்கிரம் போகாது. ஆனால் கத்தி அதற்கு மருந்தாகாது, அண்ணா. எதிரில் வருகிறவன் இளைஞன், ஒருவேளை துப்பாக்கியோடு வருகிறவன். மடக்குக்கத்தியை எடுத்து, விரித்து, பூட்டுவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். போனைக் கொடுத்து உயிரோடு திரும்ப வேண்டிய இடத்தில், கத்தியைக் காட்டி அவனைச் சுட வைத்துவிடக் கூடாது.

சட்டத்திலும் இந்த வழி குறுகலானது. தற்காப்பு என்று சொல்ல வேண்டுமானால் தாக்குதல் சட்டவிரோதமாக இருக்க வேண்டும், தொடங்கியிருக்க வேண்டும் அல்லது அந்தக் கணமே நடக்கப் போவதாக இருக்க வேண்டும். தாக்குகிறவன் மேல் மட்டுமே நீங்கள் திருப்பியடித்திருக்க வேண்டும், அது தேவையாகவும் அளவோடும் இருந்திருக்க வேண்டும். ஓடுகிறவனை முதுகில் குத்தினால் தற்காப்பு இல்லை. பையைப் பிடுங்கிய வெறுங்கைப் பையன் செத்துப்போனால் கொலை வழக்கு. முன்கூட்டித் திட்டமிடாத கொலைக்கே, முதல் குற்றம் என்றாலும், விசேஷக் காரணம் காட்டாவிட்டால் குறைந்தபட்சம் 15 வருஷம். அந்தச் சில விநாடிகளில் நீங்கள் செய்ததை மாஜிஸ்திரேட்டோ நீதிபதியோ மாதக்கணக்கில் உட்கார்ந்து அலசுவார். இரவு பத்து மணிக்குத் தனியாகத் திரும்பாமல் நாலைந்து பேராகச் சேர்ந்து போய், சேர்ந்து வண்டி எடுப்பது, வெளிச்சம் இருக்கும் இடத்தில் நிறுத்துவது, பழைய போன் ஒன்றைக் கொண்டு போவது, இவற்றை அக்காவிடம் சொல்லிப் பாருங்கள். கத்தியைவிட இவைதான் அவரை நிம்மதியாகத் தூங்க வைக்கும்.

மகனுக்கு

பையன் கேட்பதில் தவறே இல்லை. அப்பாவோடு கடற்கரையில் உட்கார்ந்து மீன் வகுக்கக் கற்றுக்கொள்வது நல்ல விஷயம். ஆனால் கத்தி உங்கள் பொறுப்பில் இருக்கட்டும், உங்களோடு இருக்கும்போது மட்டும் அவன் கையில் கொடுங்கள். பள்ளிக்கூடப் பை பக்கம் அது போகவே கூடாது. அரசுப் பள்ளிகள் அபாயகரமான பொருள்கள் கூடாத இடங்கள் என்று விதிகள் இருக்கின்றன, பள்ளிச் சட்டத்தின்படி மாணவர்களைத் திடீரெனச் சோதிக்கவும் செய்யலாம். ஞாயிற்றுக்கிழமை மீன் பிடித்த கத்தி திங்கட்கிழமை பையில் மறந்து கிடந்தது என்று சொன்னாலும் முதலில் நடப்பது ஒழுங்கு நடவடிக்கைதான். 15 வயதுக்குக் குற்றப் பொறுப்பும் உண்டு, நம் நாட்டில் அது 12 வயதிலேயே தொடங்குகிறது. சிறார்களுக்கான சட்டம் பெரும்பாலும் வழக்குக்குப் பதில் சீர்திருத்த வழிகளைத்தான் தேடும், ஆனாலும் அந்தப் படியில் அவன் ஏன் கால் வைக்க வேண்டும்? ஞாயிறு இரவு அவன் பையை அவனையே கொட்டிக் காட்டச் சொல்லுங்கள்.

பள்ளி முகாமுக்குக் கத்தி வேண்டும் என்று சொல்கிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆசிரியர் எழுத்தில் கேட்டிருக்கிறாரா என்று பாருங்கள். கேட்டிருந்தால் நீங்களே நேரில் போய் முகாம் பொறுப்பாளர் கையில் கொடுங்கள், முடிந்ததும் நீங்களே வாங்கிக்கொள்ளுங்கள். எழுத்தில் இல்லை என்றால் கத்தி இல்லாமலே போகட்டும்.